கழுவிவிட்ட சத்தியம்

"உள்ள வாடா" என்றார் மிராசுதார் வேதகிரி.

மாசி நகரவில்லை. திரௌபதியம்மன் கோயிலின் வாசற்படிக்கு வெளியே, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பழகிய தூரத்தில் நின்றிருந்தான். அந்தத் தூரத்தை அவனுக்கு யாரும் அளந்து கொடுத்ததில்லை. அவனுடைய கால்களே அதை அறியும். ஆண்டுதோறும் தீமிதித் திருவிழாவுக்குக் கட்டை வெட்டிச் சுமந்து வந்து போடுவது சேரி. அந்தக் கங்கின்மேல் நடந்து புண்ணியம் தேடிக்கொள்வது ஊர். பிஞ்சு வயதிலிருந்து விறகு சுமந்து தலை வழுக்கையாகிப்போன மாசி, அந்த விறகு எந்தத் தெய்வத்துக்காக எரிகிறதோ அந்தத் தெய்வத்தின் முகத்தை ஒரு நாளும் பார்த்தவனல்லன்.

"இல்ல ஆண்டே. இங்கியே நின்னு சொல்லிடறேன்."

"வெளில நின்னு சொன்னா காத்தோட போயிடும். அவ காதுல வுழணும். வாடான்னா!"

பூசாரி கையைப் பிசைந்தார். "ஐயா, நம்ம வழக்கத்துல இல்லாதது..."

"எனக்குத் தெரியாதாய்யா? ஒரே ஒரு சத்தியம். அப்புறம் ஆக வேண்டியதப் பண்ணிக்கலாம்."

ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அசையாத கதவு, ஒற்றை ஓட்டுக்காக அன்று அசைந்து கொடுத்தது. மாசி படி ஏறினான். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கின் மணமும் வௌவால் வாடையும் கலந்திருந்தன. கருவறை இருட்டில் அம்மனின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. கல்தரையில் கற்பூரத்தை ஏற்றினார் பூசாரி. வேதகிரி சொல்லச் சொல்ல மாசி திருப்பிச் சொன்னான்: பஞ்சாயத்துத் தலைவர் எலெக்சனில் என் ஓட்டு வேதகிரி ஆண்டைக்குத்தான்; மாறினால் என் குடும்பம் விளங்காது. சொல்லி முடித்ததும் உள்ளங்கையால் அறைந்து கற்பூரத்தை அணைத்தான். கை பொசுங்கியது. அதைவிட, குடும்பம் என்ற சொல் நெஞ்சில் பொசுங்கியது. மகள் அம்முலு வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீடு வந்திருந்தாள்.

படியிறங்கிப் பலிபீடத்தைத் தாண்டியிருக்கமாட்டான். பின்னால் சளார் என்று தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. திரும்பினான். அவன் நின்ற கல்லின்மேல் பூசாரி குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்; அவருடைய மனைவி சாணம் கரைத்துத் தெளித்து விளக்குமாற்றால் தேய்த்தாள். கற்பூரக் கரி கரைந்து, தூம்பு வழியாக வெளியே வழிந்து, தெருப் புழுதியில் அவன் கால்விரல்களைத் தொட்டு நின்றது. சத்தியம் செய்த நாவின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை சிறிய மனிதனின் வாக்கை வேண்டி நின்றதற்குக் காரணம் அந்த ஆண்டு வந்த பஞ்சாயத்து யூனியன். சாலவாக்கத்துக்குத் தெற்கே, பார்வைக்கெட்டிய தூரத்தில் மேலத்தாங்கலும் கீழத்தாங்கலும் இரண்டு ஊர்களாக இருந்தன. இரண்டு பகைகளாகவும் இருந்தன. மேலத்தாங்கல் ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் அதன் கலங்கல் வழிந்தால்தான் கீழத்தாங்கல் ஏரிக்குத் தண்ணீர். அதனால் எத்தனையோ மண்டைகள் உடைந்திருந்தன, எத்தனையோ சம்பந்தங்கள் முறிந்திருந்தன. வரைபடத்தில் நடுக்கோட்டை அழித்து, இரண்டும் இனி ஒரே பஞ்சாயத்து என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. ஒன்றாக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படத்தில் எந்த நிறமும் தீட்டப்படாமல் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது மேலத்தாங்கல் சேரி.

சேரி இருந்த இடம் ஏரியின் உள்வாய். தண்ணீர் நிற்கும் வயிற்றுக்குள்ளேயே குடிசைகள். ஏரி தன் அளவோடு நிரம்பினால் குடிசைக்குப் பத்தடி தள்ளி அலை நின்றுவிடும். ஆனால் ஊர் அந்த அளவோடு நிற்க விடுவதில்லை. கலங்கலின் தலைமேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பனம்பலகையைச் செருகி, வைக்கோலும் களிமண்ணும் அப்பி அடைத்தால் வழிந்தோட வேண்டிய தண்ணீர் வழியாது. ஏரியில் கூடுதலாக ஒரு முழம் ஏறும். அந்த ஒரு முழம் மேலத்தாங்கலுக்கு இன்னொரு போகம். கீழத்தாங்கலுக்குத் தரிசு. சேரிக்கோ முழங்காலளவு வெள்ளம். ஐப்பசியில் சட்டிபானையும் ஆடு கோழியும் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினால், தை பிறக்கும்வரை பனையோலைக் கூரையின் கீழ் நடுங்கிக் கிடக்க வேண்டும்.

அந்தப் பலகையைச் செருகுகிறவன் யார்? ஊருக்கு நீர்க்கட்டி. மேலத்தாங்கலின் நீர்க்கட்டி மாசி. அவன் அப்பனும் அதுவே, அப்பனுக்கு அப்பனும் அதுவே. தன் வீட்டை மூழ்கடிக்கும் தண்ணீரைத் தன் கையாலேயே கட்டி நிறுத்தி, அதற்குக் கூலியாக அறுவடையில் கதிர்க்கட்டு வாங்கிக்கொள்ளும் உத்தியோகம் அது. சென்ற ஐப்பசியில் அம்முலுவின் தலைச்சன் பிள்ளை கரைமேல் குளிர்காய்ச்சலில் போயிற்று. அன்று காலையில்தான் மாசி கடைசிப் பலகையைச் செருகிவிட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் களிமண் இருந்தது. அந்தக் கையோடுதான் குழந்தைக்குக் குழி வெட்டினான்.

அந்தச் சேரிக்கு ஒரு மெம்பர் பதவி ஒதுக்கியிருந்தது சட்டம். முதலில் நின்றவன் மாசி அல்லன், அருள்தாஸ். துண்டுப் பிரசுரங்களைச் சேர்த்து வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டுகிறவன், தாசில்தாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவன். சேரி முழுதும் அவன்தான் என்று முடிவு செய்திருந்தது. மனுவைப் பார்த்த அதிகாரி, "நீ ஞானஸ்நானம் வாங்கின கிறிஸ்தவன். இது அரிஜன ஸ்தானம். செல்லாது" என்று தள்ளிவிட்டார். அன்று சேரிக்குத் திரும்பி வந்த அருள்தாஸ் சிரித்தான். அவன் மனைவி பாக்கியமேரிதான் அழுதாள்.

"சாமிய மாத்திக்கினா சாதி போயிடுச்சாம்ண்ணா, சர்க்கார் சொல்து. நல்ல சேதி. இத அப்டியே டீக்கடக்காரன்கிட்ட சொல்லி, எனக்கு ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கிக்குடு பாக்கலாம்."

"சும்மா இரு அருளு" என்றான் மாசி.

"உத்தரமேரூர் கூட்டத்துல உன் ஆண்டே இன்னா பேசினாரு கேட்டியா? ஆயிரம் வருசத்துக்கு முந்தியே கொடத்துல ஓல போட்டு ஓட்டு நடத்தின மண்ணாம் இது. கல்லுல வெட்டி வச்சிக்கீதாம். நானும் பக்கத்துல கீற ஆள கேட்டேன். சொந்த நெலமும் சொந்த மனையும் இருக்கறவன் ஓலதான் கொடத்துல போட்டாங்களாம். நம்மாளுங்க அந்தக் கொடத்துல தண்ணி மொண்டுகூட குடிச்சிருக்க மாட்டான்."

அருள்தாஸ் விழுந்த இடத்தில் மாசியை நிறுத்தியவர் வேதகிரி. தன் நீர்க்கட்டி தன் கைத்தடி என்று எண்ணினார். சேரியும் எதிர்க்கவில்லை, நம்மில் ஒருவன்தானே என்றது. போட்டியின்றி மெம்பரானான் மாசி. தலைவரைத் தேர்ந்தெடுப்பது மெம்பர்கள் கூடி. கூட்டிப் பார்த்தபோதுதான் ஊருக்கு உறைத்தது: மேலத்தாங்கலுக்கு நான்கு பேர், கீழத்தாங்கலுக்கு நான்கு பேர். நடுவே, யாரும் ஆளென்று எண்ணாத ஒருவன்.

கீழத்தாங்கல் வேட்பாளர் ரைஸ்மில் சடையப்பன். அவர் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. தாமே சைக்கிளில் ஏரிக்கரைக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைக் கரையில் ஊன்றிக்கொண்டு பேசினார். "யோவ் மாசி, உன் வூட்ட முழுவடிக்கிற பலக எது? என் வயல காய வக்கிற பலக எது? ரெண்டும் ஒரே பலகதானேய்யா. நான் வந்தா கலங்கல் மேல ஒரு துரும்பு ஏறாது. இது சடையப்பன் வார்த்த." டேய் என்பதே பெயராக வளர்ந்தவன் காதில் அந்த யோவ் இனித்தது. அதைவிட, அந்தக் கணக்கில் பிழை எதுவும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. கீழூரின் தாகமும் சேரியின் வெள்ளமும் ஒரே வலி என்று நம்பினான்.

ஆனால் சத்தியம் செய்தாயிற்றே! கோயிலிலிருந்து வந்தவன் சோறு உண்ணாமல் சுருண்டிருந்தான். அவன் மனைவி பச்சையம்மாள் கூழ்ச்சட்டியை அவன்முன் நங்கென்று வைத்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கவுட்டுக்கினு கீற?"

"கற்பூரம் அடிச்சிட்டேன்ம்மே. மாறினா குடும்பம் வெளங்காதுன்னு சொல்லிட்டேன். புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சிக்கினு..."

"எங்க நின்னு அடிச்ச?"

"உள்ளதான். கல்லு மேல."

"அந்தக் கல்ல இன்னா பண்ணாங்க?"

மாசி தலை நிமிர்ந்தான். "கழுவிட்டாங்க."

"அப்புறம் இன்னா சத்தியம் மிச்சம் கீது? நீ நின்ன எடத்தையும் கழுவிட்டாங்க, நீ சொன்ன சொல்லையும் கழுவிட்டாங்க. அந்தம்மா உன்ன இதுக்கு முன்னால கண்ணால பாத்துக்கீறாளா? யாரு வூட்டுக்காரன், எந்தக் குடிசைன்னு அவளுக்கு இன்னா தெரியும்? பழி வாங்கணும்னாலும் நம்ம சேரிக்கு வழி கேட்டுக்கினுதான் வரணும் அவ."

மாசிக்குச் சிரிப்பு வந்தது. கூழைக் குடித்தான். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. "எம் பொண்ணு இந்த வாட்டி கரமேல புள்ள பெறக் கூடாதுய்யா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

தேர்தல் கீழத்தாங்கல் பள்ளிக்கூடத்தில் நடந்தது. யூனியன் ஆபீசிலிருந்து வந்த இளம் அதிகாரி, வாசலோரம் நின்ற மாசியைப் பார்த்து, "மெம்பர்னா பெஞ்சில உட்காருங்க" என்றார். அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்ததும், அதில் இருந்த மற்றவர்களுக்கு ஒரே நேரத்தில் சன்னல் வழியே பார்க்கவேண்டிய வேலை வந்துவிட்டது. சீட்டைக் கொடுத்து, மேலே இருப்பது வேதகிரி, கீழே இருப்பது சடையப்பன், வேண்டிய பெயருக்கு நேரே பெருக்கல் குறி போடுங்கள் என்றார் அதிகாரி. மறைப்புக்குப் போனான் மாசி. பென்சிலை மண்வெட்டி பிடிப்பதுபோலப் பிடித்தான். பிறந்தது முதல் யாருடைய கண்ணும் தன்மேல் படாத இடத்தில் அவன் நின்றது அதுதான் முதல் தடவை. அங்கே ஆண்டையில்லை, அம்மனில்லை. கீழே இருந்த பெயருக்கு நேரே, தாள் கிழியும்படி அழுத்திக் குறி போட்டான்.

ஐந்துக்கு நான்கு. ஐந்தாவது யாருடையது என்பதற்கு ஜோசியம் தேவைப்படவில்லை. வேதகிரி கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாசியின் அருகே வந்து நின்றார். "மழ வரட்டும்டா" என்றார். அவ்வளவுதான்.

சடையப்பனின் வெற்றி ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு சேரி முனைவரை வந்தது, முனையில் நின்றது. "எங்கய்யா நம்ம மெம்பரு?" என்று கூவினார் சடையப்பன். கழுத்திலிருந்த சாமந்தி மாலையைக் கழற்றி, கூட்டத்தின் தலைக்கு மேலாக மாசியை நோக்கி வீசினார். மாசி எட்டிப் பிடித்தான். சேரி ஆர்ப்பரித்தது. அருள்தாஸ் மட்டும் காதோரம் குனிந்து, "தூரமா இருந்தே நல்லா குறி பாத்து போடறாருண்ணா" என்றான்.

ஐப்பசி பிறந்தது. மழை ஊரைப் பிடித்து உலுக்கியது. ஏரி நாளுக்கு நாள் ஏறிக் கலங்கலைத் தொட்டு, குத்துக்கற்களின் நடுவே நுரைத்துக்கொண்டு வழியத் தொடங்கியது. பலகை ஏறவில்லை. குடிசைகளுக்குக் கீழே அலை வந்தது, நின்றது, திரும்பிப் போயிற்று. நனையாத அடுப்பில் மழைக்காலச் சோறு பொங்குவதைச் சேரியின் குழந்தைகள் அந்த ஆண்டுதான் கண்டார்கள். கலங்கல் பாய்வதைப் பார்க்கவென்றே பெண்கள் கூட்டமாகப் போனார்கள். "எங்க நைனா ஓட்டு தாண்டி இது, தொபதொபன்னு வுழுதே" என்று அம்முலு தன் பாரத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். மாசிக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு குறி, ஒரு பென்சில் குறி, ஏரியையே கட்டுப்படுத்திவிட்டதே!

அந்தப் பெருமிதத்துக்கு ஆயுள் ஒரு வாரம். பஞ்சாயத்துக் கூட்டம் என்று வெட்டியான் வந்து சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த மாசி திகைத்து நின்றான். வேதகிரியும் சடையப்பனும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள்; ஒரே தட்டிலிருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் எளிமையாகவே விளக்கப்பட்டது. கீழத்தாங்கல் ஏரி இந்த மழையிலேயே நிரம்பிவிட்டது. இனி வழிகிற தண்ணீர் செய்யாற்றுக்கும் கடலுக்கும் வீண். ஆகவே மேல் ஏரியில் பலகை ஏற்றி ஒரு முழம் கூடுதலாக நிறுத்துவது. தையில் மடையைத் திறந்து அதில் பாதியைக் கீழூருக்கு விடுவது. மேலூர் நெல் முழுவதும் இனிச் சடையப்பன் மில்லில் அரைபடுவது. தலைமுறைப் பகை ஒரு பலகையில் தீர்ந்தது. அதிகாரி ரப்பரால் ஒன்றாக்கிய ஊர்கள் அன்றைக்குத்தான் மெய்யாகவே ஒன்றாயின.

"சேரி முழுவிடுமே!" என்றான் மாசி.

"எதுக்கு மெம்பரே பதர்ற? ரெண்டு மாசம் கரமேல இருந்துட்டு எறங்குங்க. வழக்கமா இருக்கறதுதானே" என்றார் சடையப்பன்.

"துரும்பு ஏறாதுன்னு சொன்னீங்களே. சைக்கிள்ல வந்து சொன்னீங்களே."

"சொன்னேன். இல்லன்னலயே. ஆனா நான் ஒருத்தனா ஊரு? இது ஜனநாயகம் மெம்பரே. ஓட்டுக்கு வுடறேன். பலக ஏத்தலாம்ன்றவங்க கைய தூக்குங்க."

எட்டுக் கைகள் எழுந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரு கை எழுந்தது. எழுந்தது தெரியவேண்டும் என்பதுபோல நீண்ட நேரம் நின்றது.

"எட்டுக்கு ஒண்ணு" என்ற சடையப்பன், குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "மெம்பர் மாசி எதிர்ப்புன்னே போட்டுக்கோய்யா. நாளைக்கு யாரும் நம்மள ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

வேதகிரி, வெற்றிலைச் சாற்றைச் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டுப் பேசினார். "முடிஞ்சிதில்ல? எழுந்திரு. பலகை எங்க மாட்டுக் கொட்டாய்ல கீது. மண்ணு குழைக்க ரெண்டு ஆள அனுப்பறேன்."

"நானா ஆண்டே?"

"பின்ன நானா? மெம்பரா வேணாம்னு சொன்ன, சரி. கேட்டாச்சு. நீர்க்கட்டியா போய்க் கட்டு."

மாசி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"மாட்டேன்னா இப்பவே சொல்லிடு. சேரில ஒருத்தரும் தை அறுப்புக்கு வர வேணாம். கீழத்தாங்கல் ஆளுங்க வருவாங்க. வரமாட்டாங்களா சடையப்பா?"

"தாராளமா. ரெண்டும் ஒரே ஊருதானே இப்போ" என்றார் தலைவர்.

பனம்பலகைகள் நனைந்து பிணமாய்க் கனத்தன. இரண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாசி கரைமேல் நடந்தான். பின்னால் இரண்டு ஆட்கள் களிமண் கூடையோடும் வைக்கோல் பிரிகளோடும் வந்தார்கள். மாலை வெளிச்சம் மழையில் ஊறிச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. இடப்புறம் கீழே வயல்கள், பசேலென்று, குடித்துக் களைத்தவைபோல. வலப்புறம் ஏரி, அதன் விளிம்பில் சேரியின் புகை. அறுப்பு இல்லையென்றால் சேரி தையில் பட்டினி கிடக்கும். பலகை ஏறினால் சேரி இன்றிரவே கரைமேல் ஏறும். இரண்டில் எந்தச் சாவு எத்தனை பேருக்கு என்று மனம் கூட்டிப் பார்த்தது. கூட்டுவதற்கு அவனை யார் வைத்தார்கள்? அருள்தாஸின் மனுவைத் தள்ளிய சட்டமும் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்த சட்டமும் ஒன்றுதான். கையைத் தூக்கச் சொன்னதும் அதுதான். எண்ணிப் பார்த்து, குறைவு என்று சொன்னதும் அதுதான். எங்கே பிழை என்று பிடித்துக் காட்ட முடியாதபடி எல்லாம் முறையாகவே நடந்திருந்தன. கால் வழுக்கியது. கழுத்து நரம்பு தெறித்தது.

கலங்கலை நெருங்கியபோது தண்ணீரின் இரைச்சல் வழக்கத்தைவிட மாறிக் கேட்டது. எதன்மேலோ மோதிப் பிரிந்து விழும் இரைச்சல். மழைத் திரையினூடே கண்ணை இடுக்கிப் பார்த்தான். குத்துக்கற்களின் நடுவே பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். முதுகை ஒரு கல்லில் சாய்த்து, பாதங்களை எதிர்க்கல்லில் முட்டுக்கொடுத்து, இடுப்புக்கு மேலே தண்ணீர் நுரைத்தோட உட்கார்ந்திருந்தாள். அடுத்த இடைவெளியில் பாக்கியமேரி. அதற்கடுத்ததில் யாரென்று தெரியவில்லை. கரைச் சரிவில் அருள்தாஸ், யாராவது கால் தவறினால் இழுத்துப் பிடிக்கக் கயிற்றோடு நின்றான். அவனருகே, தலையில் கோணியைக் கொங்கணியாகப் போட்டுக்கொண்டு, வயிற்றின்மேல் இரு கைகளையும் கோத்தபடி அம்முலு.

"யாரு சொல்லி வந்தீங்க? எழுந்து வாம்மே. இஸ்துக்கினு பூடும்!" என்று கத்தினான் மாசி.

"யாரும் சொல்லல. பலகைய தூக்கிக்கினு நீ கொட்டாய்லேர்ந்து வர்றத சேரியே பாத்துச்சு, குறுக்கால ஓடியாந்துட்டோம்" என்றாள் பச்சையம்மாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன, குரல் நடுங்கவில்லை. "உன் வேல தானே? வா. நானா எழுந்திருக்க மாட்டேன். என் மேலயே வச்சி கட்டிட்டு, மண்ண அப்பு."

"அறுப்பு இல்லன்ட்டாங்கடி. ஒருத்தருக்கும் இல்லன்ட்டாங்க."

அவள் எதிர்க்கல்லில் பாதங்களை இன்னும் அழுத்தினாள். பின்னால் வந்த ஆட்கள் கூடைகளைத் தரையில் வைத்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொலைவில், கீழத்தாங்கல் வரப்பின்மேல், இரண்டு குடைகள் அருகருகே நின்றன, நின்று பார்த்தன. மாசி பலகையை இறக்கவுமில்லை, அடியெடுத்து வைக்கவுமில்லை. அவன் தலைமேல் மழை பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பச்சையம்மாளின் சேலை முந்தானையை வெள்ளம் பிடித்து இழுத்து, கலங்கலின் மறுபுறம் கீழூர் நோக்கி, ஒரு சிவப்புக் கோடாக நீட்டிக்கொண்டே போயிற்று. அவள் அதைச் சுருட்டிக்கொள்ளக் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை.